மணல் மேட்டுப் பங்கு

பத்திரம் எழுதும் எங்கள் கடையில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தால் யாரும் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. கிரயமோ தானமோ, யாருடைய பத்திரமாக இருந்தாலும் சரி. பேனா மூடியைத் திறந்தவரைப் பார்த்து, "இன்னா எழுதிகீதுன்னு படிச்சியா?" என்று கேட்பார்.

"ரைட்டரு எல்லாம் சொன்னாருக்கா."

"அவரு சொன்னாரு. நீ படிச்சியா?"

அந்த ஆள் அசடு வழிந்துகொண்டே முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் அக்கா என் பக்கம் திரும்புவார். "டைப்பம்மா, ஒரு வரி வுடாம படிச்சிக் காட்டு." நான் படித்துக் காட்டுவேன். அது முடியும்வரை எங்கள் முதலாளி வாயைத் திறக்க மாட்டார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என் வீட்டுக்காரருக்கு அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து நாங்கள் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்ததால், திருக்கழுக்குன்றத்தில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் எல்லோருக்கும் அவர் ரைட்டர். கறாரான மனிதர், யாருக்கும் பயப்பட மாட்டார். இந்த அக்காவின் மொபெட் சத்தம் கேட்டால் மட்டும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார். அக்காவுக்கு எழுதிக்கொடுக்கும் எதற்கும் கூலி வாங்க மாட்டார்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நூல் புடவை, ஆண்கள் கட்டுகிற கைக்கடிகாரம், தலையில் வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன துணித் தொப்பி. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் நான்கு ரூம் கட்டி, பை மாட்டிக்கொண்டு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். "நோ ப்ராப்ளம்", "நோ கிரெடிட்" என்ற இரண்டு வாக்கியங்களை வைத்தே உலகத்தையே சமாளித்துவிடுவார். வேலை இருக்கிறதோ இல்லையோ, வாரம் ஒருமுறை எங்கள் கடை பெஞ்சில் வந்து ஒரு மணி நேரம் உட்காருவார்.

ஒருநாள் அவர் போன பிறகு ரைட்டரிடம், "சார், அந்த அக்காகிட்ட உங்களுக்கு என்ன பயம்?" என்று கேட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கு நடந்ததுல என் கையும் கீதும்மா" என்று ஆரம்பித்தார்.

அக்காவின் அப்பா மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயி. ஒரு மகன், ஒரு மகள். மகளை மதுராந்தகத்தில் ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்திருந்தார்கள். அப்பா இறந்த ஆறாவது மாதம், அண்ணன் போய்த் தங்கையைக் கூட்டிவந்தார். "நைனா பேர்ல கீற பம்ப்செட்டு கரண்டு கனெக்சன மாத்தணும். ஒரு கையெழுத்து போடும்மா" என்றார். ஆபீசர் கிளம்பிவிடுவார் என்று அவசரப்படுத்தினார். ரைட்டர் நீட்டிய தாள்களில் அக்கா கையெழுத்துப் போட்டார். உள்ளே பதிவாளர் சம்மதமா என்று கேட்டதற்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் அண்ணன் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

"அது பாகப்பிரிவினைப் பத்திரம்" என்றார் ரைட்டர். "நான் படிச்சிக் காட்டியிருக்கணும். காட்டல."

இரண்டு வருஷம் கழித்து லாரி ஒரு புளியமரத்தில் மோதியதில் புருஷன் செத்துப்போனார். குழந்தை இல்லை. புருஷன் வீட்டில் இருக்கவிடவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டு வாசலில் வந்து நின்ற தங்கையை அண்ணன் உள்ளே கூப்பிடவில்லை. பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துவந்தார். "நீதான் எட்டாவது படிச்சவளாச்சே. படி" என்றார். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்கா படித்தார். நஞ்சை, கிணறு, வீடு எல்லாம் அண்ணனுக்கு. தங்கைக்குக் கடலோரத்தில் ஒன்றரை ஏக்கர் மணல் மேடு. அதில் நாலு வரிசை சவுக்கு.

"உன் பங்கு அங்க கீது. போய்ப் பாத்துக்கோ" என்று அண்ணன் கதவைச் சாத்தினார்.

அந்த மணலில் ஓலைக்குடிசை போட்டு உட்கார்ந்தவர்தான் அக்கா. சவுக்கை வெட்டி விற்று, ஒரு வெள்ளைக்கார ஜோடிக்குக் கூடாரம் போட இடம் கொடுத்து, அப்படியே நான்கு ரூம் ஆனது. கடற்கரைச் சாலையை அகலப்படுத்தத் தொடங்கியதும் அந்த மணலுக்கு நஞ்சையைவிட மதிப்பு வந்துவிட்டது. அதுவரை எட்டிப் பார்க்காத அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காயும் புது அரிசியும் எடுத்துக்கொண்டு தங்கையைப் பார்க்க வந்தார்.

அண்ணனுக்கு ஒரு வக்கீல் விஷயத்தைச் சொல்லியிருந்தார். பிள்ளை இல்லாத பெண்ணுக்கு அப்பா வழியில் வந்த சொத்து. அவள் உயில் எழுதாமல் போய்விட்டால் அது பிறந்த வீட்டுக்கே திரும்பும். அதாவது அண்ணனுக்கு. தங்கை எதையும் எழுதாமல் இருந்தால் போதும்.

இதே விஷயத்தை ரைட்டர் அக்காவுக்கும் சொன்னார். அக்கா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். பிறகு சிரித்தார். நான் அவர் பல் தெரியச் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்போ அவன் இனிமே வந்துகினே இருப்பான்" என்றார்.

அண்ணன் வந்துகொண்டேதான் இருந்தார். அநேகமாக எல்லா ஞாயிறும், பத்து வருஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அக்கா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் போனோம். மட்டன் குழம்பு கொதிக்கும் வாசனை கேட் வரை வந்தது. சற்று நேரத்தில் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் பை. என்னை அடையாளம் தெரிந்து தலையசைத்தார். கை கழுவப் போனவரை அக்கா நிறுத்தினார்.

"சாப்பாட்டுக்கு மின்னாடி படிப்பு கீதேண்ணா."

"விருந்தாளிங்க வந்துகிறாங்க. இன்னிக்கி வேணாம்மா."

"அவுங்க நம்ம ஆளுங்கதான். படி."

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல். ஓரம் மடங்காமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அண்ணன் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். அவர் அதிகம் படித்தவர் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வந்தது. "நாம் இருவரும் யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், இதனைப் படித்துப் பார்த்து, மனப்பூர்வமாகச் சம்மதித்து..."

"அந்த எடத்த இன்னொரு தபா."

அண்ணன் திரும்பவும் படித்தார்.

"யாரு படிச்சிப் பாத்தது?"

"வுடும்மா. அன்னிக்கி எதோ..."

"யாருன்னு கேட்டேன்."

"யாரும் படிக்கல."

"சரி, குந்து. கொழம்பு ஆறிடும்."

கயிற்றுத் தொட்டிலில் படுத்திருந்த வெளிநாட்டுக்காரன் எழுந்து, இது ஏதாவது பிரார்த்தனையா என்று கேட்டான். "யெஸ், சண்டே ப்ரேயர்" என்றார் அக்கா. அண்ணனின் இலையில் நல்ல நெஞ்செலும்புத் துண்டாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். குறையே சொல்ல முடியாத சாப்பாடு. அண்ணன் கீழே பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி, "இனிமே அந்த வீட்டுக்கு என்னைக் கூப்பிடாதே" என்றார். எனக்கோ உள்ளுக்குள் குளிர்ந்திருந்தது. இருபது வருஷம் ஒரு பெண் கேட்கக் காத்திருந்ததை அவளே கேட்டு வாங்குவதைப் பார்த்த குளிர்ச்சி. அதை அவரிடம் சொல்லவில்லை.

எப்போதாவது அண்ணன் ஒரு வாரம் வரத் தவறினால், "உயிலு ஒண்ணு எழுதிடலாமான்னு யோசிச்சிகினு கீறேன்" என்று யாரிடமாவது சொல்லிவிடுவார் அக்கா. மறுநாளே அண்ணன் வந்து நிற்பார். ஒருமுறை கோயிலுக்கு எழுதப்போகிறேன் என்றார். இன்னொருமுறை, தன் ரூமில் ஆறு மாதம் தங்கியிருந்த ஜெர்மன்காரிக்கு என்றார். அந்த நிலத்தின் மேல் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று அண்ணன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். அந்த விண்ணப்பத்தை டைப் செய்தவளே நான்தான். எதுவும் வராது. உயிலைப் பதிவு செய்தாலும் அது வில்லங்கத்தில் ஏறாது என்பது அண்ணனுக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

அக்கா உண்மையிலேயே உயில் எழுதியதற்கு முந்தின வாரம் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மகள் பி.காம். முடித்திருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அப்பா சொத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுத அவளைக் கூட்டிவந்தார். பெஞ்சில் தங்கை இருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார். அக்கா தானே நகர்ந்து இடம்விட்டார். "வாண்ணா, குந்து" என்றார்.

நான் டைப் அடித்த தாள்களை ரைட்டர் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "சீக்கிரம்ப்பா, ஜாக்கெட்டு தெச்சத வாங்கணும்" என்று அவள் முதல் தாளில் பேனாவை வைத்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். ரைட்டரும் பார்த்தார். ஊரில் எவன் எவனையோ நிறுத்திப் படிக்கவைத்த அக்கா, தெருவில் போகிற மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் போட்டுவிட்டு, அத்தையிடம் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏன்க்கா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"போடட்டும்."

"உங்களுக்கு நடந்ததுதானே அவளுக்கும் நடக்கு?"

"அதான் போடட்டும்ன்றேன். இப்போ சொன்னா அவ அவுங்கப்பன் பொண்ணு. ஒருநாளு அவன் அவள வாசல்ல நிக்கவெச்சி இந்தப் பத்திரத்தக் காட்டுவான் பாரு, அன்னிக்கி அவ என் ஆளு."

அடுத்த வாரம் உயில் எழுதினார். ஒன்றரை ஏக்கரும் நான்கு ரூமும் அண்ணன் மகளுக்கு. அண்ணன் கைக்கு ஒரு பிடி மணலும் போகக்கூடாது என்றும் எழுதச் சொன்னார். "முழுசா குடுத்துட்டா அப்புறம் அவ இஷ்டம்தான். இந்த வரி சட்டத்துல நிக்காது" என்றார் ரைட்டர். "நிக்காட்டி போவுது. எழுது" என்றார் அக்கா. மூன்று முறை படித்தார். ரைட்டரும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பெண்ணுக்குக்கூட விஷயம் தெரியாது.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் மாதக் காலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அண்ணனுக்குச் சமைப்பதற்காக அக்கா மொபெட்டில் கறி வாங்க திருக்கழுக்குன்றம் வந்திருந்தார். ரூமில் இருந்தவர்கள் விடியும் முன்பே பஸ் ஏறிப் போயிருந்தார்கள். திரும்பிப் போனபோது கடலைப் பார்த்த இரண்டு ரூம்களும் இல்லை. ஈர மணலில் கறிப்பையோடு நின்றவரைத் தேடி அண்ணன் ஓடிவந்திருக்கிறார். மூச்சு வாங்க அவர் கேட்ட முதல் கேள்வி: "பத்திரம் பத்திரமா கீதா?"

இதைக் கடைக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அக்கா. சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரைட்டர் மெதுவாகக் கேட்டார். "அவருக்குக் கறி வாங்க வந்துதான் நீங்க தப்பிச்சீங்க. உயில்ல எதுனா மாத்தணுமாம்மா?"

"அவனாலதான் பொழச்சேன். இல்லன்னு சொல்லல. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாதி இடிந்த வராந்தாவில் நின்று அண்ணன் மறுபடியும் படித்தாராம்.

அதன்பின் ஒன்றரை வருஷம்தான் அக்கா இருந்தார். நெஞ்சு வலி என்றதும் அண்ணன்தான் காரில் போட்டு செங்கல்பட்டுக்குக் கொண்டு போனார். பாதி வழியில் உயிர் போய்விட்டது. காரியங்களில் அண்ணன் ஒரு குறையும் வைக்கவில்லை. தலையை மழித்துக்கொண்டு, பூப்பல்லக்கு வைத்து, மேளத்தோடு எடுத்தார். கருமாதிக்கு ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். ஒரு ரிசார்ட் முதலாளியிடம் நிலத்துக்குப் பேசியும் முடித்திருந்தார்.

அந்தக் கருமாதி வீட்டில்தான் ரைட்டரும் நானும் உயிலோடு போய் இறங்கினோம். ரைட்டர் உயிலை என் கையில் கொடுத்துவிட்டதால் நான்தான் படித்தேன். சொத்து யாருக்கு என்ற இடம் வந்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். பெண்கள் கூட்டத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். புருஷனோடு சரிப்படாமல் இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் அப்பா வீட்டுக்கு வந்தபோது, விடுதலைப் பத்திரத்தை எடுத்துக்காட்டி அண்ணன் திருப்பி அனுப்பியிருந்தார். சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாள். தன் பெயரைக் கேட்டும் அவள் முகம் மாறவில்லை.

நான் கடைசி வரியைப் படித்தேன். "என் ஈமக்காரியங்களை என் அண்ணன் சிறப்பாகச் செய்வார் என்பது எனக்குத் தெரியும். அதற்காக அவருக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மொட்டைத் தலையோடு அண்ணன் நின்ற நிலையைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்டால் சிரிப்புதான்.

வழக்கு செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனது. அதற்குள் ரைட்டர் காலமாகிவிட்டதால் சாட்சி நான் ஒருத்திதான். அண்ணன் ஒருநாள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். "நீ பாக்கும்போது அவ கையெழுத்து போடலன்னு மட்டும் சொல்லும்மா. ஒரு மனை உன் பேர்ல எழுதி வெக்கிறேன்" என்றார். முடியாது என்றேன். என் நேர்மையை நானே மெச்சிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அக்கா செத்த பிறகும் எனக்கு அவரிடம் பயம் இருந்தது.

கூண்டில் ஏறிய அண்ணன், காரில் போகும்போது "எல்லாம் உனக்குத்தாண்ணா" என்று தங்கை சொன்னதாகச் சொன்னார். கோர்ட் அதை நம்பவில்லை. எனக்கு என்னவோ அது பொய்யாகத் தோன்றவில்லை. கடைசி மூச்சுவரை அவரை ஏங்கவைக்க அக்கா அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

தீர்ப்பு மகள் பக்கம் வந்தது. சில மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். கடையை அப்போது நான் நடத்திக்கொண்டிருந்தேன். பெஞ்சைக் காட்டி, "நான் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்ட அன்னிக்கி அத்த இங்கதானே இருந்தாங்க?" என்றாள்.

"ஆமா."

"எல்லாரையும் படிச்சியான்னு கேப்பாங்களாமே. என்ன மட்டும் கேக்கல."

நான் பெஞ்சில் கிடந்த தாள்களை ஒதுக்கினேன். அவள் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தாள். "அப்பா பேருக்கு ஒரு கிரவுண்டு எழுதணும்க்கா. தான செட்டில்மெண்ட்."

நான் திகைத்துப்போனேன். அண்ணன் மகன்களும் அவரைக் கவனிப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். "அப்பாவைப் பார்த்தா பாவமா இருக்கோ?"

"பாவமெல்லாம் இல்ல. அத்த எது நடக்கவே கூடாதுன்னு எழுதினாங்களோ, அத நடத்திக் காட்டணும். அதுக்குத்தான்."

பேனாவால் அவள் குறித்துக் காட்டிய இடம் ஒன்றரை ஏக்கருக்கு நட்டநடுவில் இருந்தது. சாலைக்கும் கடலுக்கும் எட்டாத இடம். "சுத்தி எல்லாம் உன் நிலம்தானே? பாதை எந்தப் பக்கம் விடுதே?" என்று கேட்டேன்.

"பாதை எழுத வேணாம்க்கா."

"போக வர வழி வேணாமா?"

"வரணும்னா ஃபோன் பண்ணட்டும். நான் வந்து கேட்டத் தெறக்கறேன்."

கோர்ட்டுக்குப் போனால் வழி கிடைத்துவிடும் என்று சொன்னேன். "போகட்டும். இன்னொரு பத்து வருசம் ஆவும்" என்று தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நான் மெஷினில் தாளைச் செருகி நான்கெல்லையை அடிக்கத் தொடங்கினேன். வடக்கே என் நிலம். தெற்கே என் நிலம். கிழக்கே என் நிலம். மேற்கே என் நிலம்.